‘என்றும் மாறாது’ என்று நான் எழுதிய வரி

எனக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள் உண்டு. ஒன்று, நடந்தது எதுவாக இருந்தாலும் அதன் திகதியை எழுதி வைப்பது. மற்றது, நான் பயன்படுத்தும் கணினி நிரல்மொழியின் புதிய பதிப்பு வெளிவரும்போது அதனோடு வரும் குறிப்புகளை, மற்றவர்கள் தொடர்கதை வாசிப்பதுபோல, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பது. முதலாவது பழக்கத்தால் யாருக்கும் கேடில்லை என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். இரண்டாவது பழக்கம் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எனக்கு வேலை. வரப்போகும் கப்பல்கள் தங்கள் வருகை நேரத்தை உலகப் பொது நேரத்தில் அனுப்பும். அதை இலங்கை நேரத்துக்கு மாற்றி, இழுவைப்படகுக்காரருக்கும் மற்றவர்களுக்கும் அறிவிப்பது என் பொறுப்பு. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் முடிந்தது. விரல்விட்டுச் செய்யக்கூடிய இந்தக் கூட்டலுக்கு நான் ஒரு நிரல் எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கிழமை சொல்ல ஒரு சார்பு, மாதத்தின் கடைசி நாளைச் சொல்ல ஒரு சார்பு, பௌர்ணமி விடுமுறையான போயா நாளைச் சொல்ல ஒரு சார்பு, திதி சொல்ல ஒரு சார்பு என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். ஒரு வேலையைச் செய்துமுடிக்கும் சிறு நிரல்துண்டைத்தான் சார்பு என்கிறோம். பன்னிரண்டு வருடத்தில் என்னிடம் நாற்பத்து மூன்று சார்புகள் சேர்ந்தன. அந்தக் கோப்புக்குக் ‘கருவிப்பெட்டி’ என்று பெயர் வைத்தேன்.

நோன்புப் பிறை பார்க்கவும் ஒரு சார்பு எழுதப் போகிறேன் என்று, அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கிற நண்பரிடம் ஒருமுறை சொன்னேன். அவர் குறிஞ்சாக்கேணிக்காரர், முஸ்லிம். “அத மட்டும் விட்டிரு மச்சான். அத நாங்க வானத்தப் பார்த்துத் தெரிஞ்சுக்குவம்” என்றார். அந்த ஒரு சமூகம் தப்பியது அப்படித்தான்.

மற்றவர்கள் தப்பவில்லை. பதினாறு வயதிலிருந்து நான் எழுதிய நாட்குறிப்புகள் முழுவதையும் கணினியில் ஏற்றியிருந்தேன். எந்தக் கப்பல் எப்போது வந்தது, எந்த நாள் மழை, எந்த நாள் மின்சாரம் இல்லை, கடற்கரைக் கடலைக்காரர் விலையைக் கூட்டியது எப்போது, எல்லாம் அதில் இருக்கிறது. இது தெரிந்து, நான் குடியிருக்கும் அன்புவழிபுரத்துச் சனம் ஒவ்வொருவராக வந்தது. “என்ர மகன் என்ன கிழமை பிறந்தவன்?” “எங்கட கலியாணம் என்ன நட்சத்திரத்தில?” நான் வாயால் பதில் சொன்னதில்லை. பெட்டி போட்டு, தலைப்பு வைத்து, நிறத்தில் அச்சடித்துக் கொடுத்தேன். ஒரு றப்பர் முத்திரைகூடச் செய்வித்தேன். அதில் என் பெயருக்குக் கீழே ‘காலக்குறிப்பாளர்’ என்று இருந்தது. அந்த முத்திரையை வெட்டிய கடைக்காரர், “இது அரசாங்க உத்தியோகமோ, ஐயா?” என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை.

புதிய பதிப்பு வந்த செய்தியை நண்பர்தான் கொண்டுவந்தார்.

“மச்சான், வெளியீட்டுக் குறிப்புப் பார்த்தியா?”

“இன்னும் இல்லை.”

“பார்க்காத. மனசு உடைஞ்சிரும். ஒன்ட கருவிப்பெட்டில பாதி இப்ப உள்ளுக்கே இரிக்கி.”

பார்த்தேன். ஒரு நீண்ட பட்டியலைச் சம துண்டுகளாக வெட்டித் தரும் சார்பு இனி மொழியோடு சேர்ந்தே வருமாம். அதை நான் ஒரு போயா விடுமுறை முழுவதும் உட்கார்ந்து முப்பத்தொரு வரியில் எழுதியிருந்தேன். பட்டியல் சரியாகப் பிரிபடாவிட்டால் என் சார்பு கடைசித் துண்டைத் தொலைத்துவிடும். தொலைந்த துண்டைத் தேடிப் பிடிக்க இன்னொரு சார்பு எழுதியிருந்தேன். அவர்கள் ஒரே சொல்லில் முடித்திருந்தார்கள். துண்டு எதுவும் தொலையவில்லை. சொல்லின் முன்னொட்டை மட்டும் நீக்குவது, இரண்டிரண்டாகச் சோடி சேர்ப்பது, மாதக் கடைசியைத் தாண்டாமல் ஒரு மாதத்தைக் கூட்டுவது என்று குறிப்புகள் இறங்கிக்கொண்டே போயின. நான் சிவப்புப் பேனையால் என் பட்டியலில் ஒவ்வொன்றாக வெட்டினேன். பத்தொன்பது சார்புகள் போயின.

இருபதாவதாக வந்தது நேர வலய நூலகம், அதாவது நேரத்தைக் கணிக்கும் சார்புகளின் தொகுப்பு. உலகத்தின் எந்த ஊரிலும், எந்த வருடத்தில், கடிகாரம் எவ்வளவு முன்னே அல்லது பின்னே இருந்தது என்ற முழு வரலாறும் அதற்குள் இருக்கிறதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. இலங்கை போன்ற ஒரு நாட்டுக்கு வரலாறு எதற்கு? என் சார்பு ஒரே வரி. ஐந்து மணி முப்பது நிமிடத்தைக் கூட்டு. அந்த வரிக்குப் பக்கத்தில், பிற்காலத்தில் வாசிப்பவர்களுக்காக, ‘இலங்கை நேரம், என்றும் மாறாது’ என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தேன்.

இருந்தாலும் நான் ஒழுங்கான ஆள். சோதிக்காமல் எதையும் மாற்றுவதில்லை. என் நாட்குறிப்பில் நேரத்தோடு உள்ள பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்து, என் சார்பிலும் புதிய நூலகத்திலும் ஒருசேர ஓடவிட்டு, விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். எண்பதுகளில் ஒத்துப்போனது. கடந்த வருடங்களிலும் ஒத்துப்போனது. நடுவில் ஒரு பத்து வருடம் மட்டும் அரைமணித்தியாலம் உதைத்தது. அந்தப் பத்து வருடத்தின் தொடக்கத்தில் சில மாதங்களுக்கு முழுதாக ஒரு மணித்தியாலம்.

மொழியைச் செய்தவர்களின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியில் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, அனுப்புமுன் நண்பரிடம் காட்டினேன்.

“ஆருக்கு இது?”

“மொழியைச் செய்யிற ஆக்களுக்கு.”

“அவங்கட நூலகம் பிழை, ஒன்ட ஒத்த வரி சரி?”

“பத்து வருசத்துக்கு மட்டும்தான் பிழை. மற்ற வருசமெல்லாம் சரி எண்டு பாராட்டியும் எழுதியிருக்கிறன்.”

“எந்தப் பத்து வருசம்?”

“தொண்ணூற்றாறிலயிருந்து ரெண்டாயிரத்து ஆறு வரைக்கும்.”

அவர் கதிரையில் சாய்ந்தார். முதலில் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அடுத்த அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்.

“மச்சான், நீ அந்தப் பத்து வருசமும் இந்த ஊர்லதானே இரிந்த?”

“ஓம்.”

“பழைய நேரமா, புதிய நேரமா எண்டு கேக்காம எந்தக் கலியாண வீட்டுக்குப் போன?”

நான் கடிதத்தைத் திரையில் மூடினேன்.

இளையவர்களுக்காகச் சொல்ல வேண்டும். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடக் கடைசியில் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரைமணித்தியாலம் 2006வரை அப்படியே இருந்தது. வானொலியும் அரசாங்கக் கந்தோரும் ஆஸ்பத்திரியும் புதிய நேரம். பஞ்சாங்கமும் கோயிலும் பழைய நேரம். குடாக்கடலின் அந்தப் பக்கத்தில் சில ஊர்கள் கடைசிவரை பழைய நேரத்திலேயே இருந்தன. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம் அது. ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் வாகனங்கள் கடக்கும். பாதை எத்தனை மணிக்கு என்று கேட்டால், எந்த மணி என்ற கேள்விதான் பதிலாக வரும். நண்பர் பெண் பார்க்கப் போன அன்று பழைய நேரத்தைப் புதிய நேரமென்று நினைத்து, அரைமணித்தியாலம் முந்திப் போய், பெண்ணின் தகப்பனார் குளித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்றவர். எல்லாருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பத்து வருடமாக ஊர் முழுக்கக் கேட்ட கேள்வி அது. நானும் நூறு தடவை கேட்டிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து 1996ஆம் வருடத்து நாட்குறிப்பை எடுத்தேன். என்னுடைய கையெழுத்து. சிவப்பில் கோடிட்டிருந்தது. ‘இன்று முதல் நாட்டின் கடிகாரம் முன்னே செல்கிறது. வருங்கால ஆய்வாளர்கள் இதைக் கவனத்தில் கொள்க.’ வருங்கால ஆய்வாளர் நான்தான். கவனத்தில் கொள்ளவில்லை. அந்த வரியைக் கணினியில் தட்டச்சு செய்ததும் என் விரல்கள்தான்.

கடிதத்தை அழித்தேன். கப்பல்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்தக் கப்பல்கள் எப்போதோ வந்து, எப்போதோ போய்விட்டன. ஆனால் ‘பிறர் கேட்டவை’ என்று இன்னொரு கோப்பு இருந்தது. நான் முத்திரை குத்திக் கொடுத்த தாள்களின் பிரதிகள். அந்தப் பத்து வருடத்துக்குள் விழுந்தவை மூன்று. இரண்டில் அரைமணித்தியாலம் தள்ளினாலும் விடை மாறவில்லை. மூன்றாவதில் மாறியது.

அது நான் குடியிருக்கும் ஒழுங்கையிலேயே வீடு உள்ள ஓர் அக்காவின் தாள். பாலையூற்றில் பாலர் பாடசாலை நடத்துகிறவர். அவருடைய தகப்பனார் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். 2003இல் ஆஸ்பத்திரியில் காலமானார். அப்போது குருக்கள் திதியைக் கணித்து ஒரு துண்டில் எழுதி, சல்லி என்ற கடற்கரை ஊரில் இருக்கிற அக்காவின் தம்பியாரிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த வருடம் சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது வீட்டோடு துண்டும் போனது. தம்பியார் ‘நவமி’ என்று நினைவில் வைத்திருந்தார். அக்காவுக்குத் தம்பியாரின் நினைவில் ஒருநாளும் நம்பிக்கை இல்லை. சில வருடம் அவர் சொன்னபடி செய்துவிட்டு, ஒன்பது வருடத்துக்கு முன் என்னிடம் வந்தார். இறந்த நேரம் பின்னேரம் ஐந்து பத்து. நான் நிரலை ஓட்டிப் பார்த்து, நவமி நாலு ஐம்பத்தெட்டுக்கே முடிந்துவிட்டது, பன்னிரண்டு நிமிடத்தால் தசமி என்று சொன்னேன். முத்திரையும் குத்தினேன்.

அந்தத் தாளைத் தம்பியாரிடம் காட்டியபோது அவர், “கொம்பியூட்டர் அப்பாவைக் கண்டதோ?” என்று கேட்டாராம். அக்கா எழும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து சல்லியில் நவமி, அன்புவழிபுரத்தில் தசமி. ஒரு தகப்பனுக்கு அடுத்தடுத்த நாளில் இரண்டு வீட்டில் படையல். ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைப்பதில்லை. ஆஸ்பத்திரிக் கடிகாரத்தின் ஐந்து பத்து, பஞ்சாங்கத்துக்கு நாலு நாற்பது. நவமி முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. தம்பியார் சொன்னதுதான் சரி.

இந்த வருடத் திதிக்கு ஒன்பது நாள் இருந்தது. அக்காவின் வீட்டுக்குப் போனேன். தகப்பனாரின் படத்துக்குப் பக்கத்தில் என் தாள் தொங்கியது. அழுக்குப் படாமல் லமினேற் செய்து, ஆணி அடித்து.

“வாங்கோ தம்பி. என்ன, கையில பைல் ஒண்டும் இல்லாமல்?”

“அக்கா, தொண்ணூற்றாறாம் ஆண்டு இந்த நாட்டில மின்சாரத் தட்டுப்பாடு வந்தது...”

“தம்பி, சுத்தாதீங்கோ. என்ன பிழை விட்டனீங்கள்?”

“அப்பாக்குத் தசமி இல்லை. நவமி.”

அவர் தாளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பழைய நேரம், புதிய நேரம் எல்லாம் சொல்லி முடித்தேன்.

“ஐஞ்சு பத்து எண்டு நான் சொன்னனான். பழைய நேரமோ புதிய நேரமோ எண்டு நீங்கள் கேக்கேல்ல.”

“கேக்கேல்ல அக்கா.”

“அந்த நாளில கீரை விக்க வாற மனிசியும் கேப்பா.”

“ஓம்.”

“ஒன்பது வருசம் தம்பி. நவமியில அப்பா வந்து பார்த்திருப்பார். இஞ்ச அடுப்பே மூட்டியிருக்காது.”

“சல்லியில சாப்பிட்டிருப்பார் அக்கா” என்றேன், ஆறுதல் என்று நினைத்து.

“அவன்ர மனிசி சமைச்சதையோ?”

அன்று நான் விட்ட இரண்டாவது பிழை அது. அக்கா எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

“நீங்கள் போய் அவனிட்டச் சொல்லுங்கோ.”

“நீங்களும் வாங்கோவன்.”

“ஏலாது. அவன்ர வாசல்ல நிண்டு, நீ சொன்னது சரி எண்டு என்ர வாயால வராது. அவன் சின்னனில இருந்து இதுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறான்.”

அடுத்த ஞாயிறு சல்லிக்குப் போனேன். தம்பியார் படகு இயந்திரங்கள் திருத்துகிறவர். மூடியைக் கழற்றிய இயந்திரம் ஒன்றின் முன் குந்தியிருந்தார். என்னைத் தூரத்தில் கண்டதுமே, “வாங்கோ தசமி ஐயா” என்றார். அந்த ஊரில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த திருகாணியைக் கீழே வைத்தார்.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ.”

சொன்னேன்.

“இஞ்ச ஒருக்கா வாரும்!” என்று வீட்டுப் பக்கம் கூப்பிட்டார். மனைவி வந்தார். “ஐயா ஒரு கதை சொல்லப் போறார், கேளும்.”

மூன்றாம் முறையும் சொன்னேன். பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார். நாலாம் முறை, அரைமணித்தியாலத்தை மணலில் கோடு கீறி விளங்கப்படுத்தினேன்.

“அப்ப, அந்தப் பெட்டிக்கு இவ்வளவு நாளும் புதிய நேரம் தெரியாதோ?”

“பெட்டிக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. தெரியும், மறந்துபோனன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு துணியால் கையைத் துடைத்தபடி, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்:

“அக்கா வருவாவோ?”

“சொல்ல ஏலாது.”

“ஒவ்வொரு வருசமும் படைச்சுப்போட்டு அவவுக்கும் ஒரு இலை போடுறனான். ஒருக்கால் வந்தாலும் எண்டு. பின்னேரம் அதை எடுத்துக் காகத்துக்கு வைக்கிறனான்.” இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வரச்சொல்லுங்கோ. மன்னிப்பும் வேண்டாம், ஒரு கதையும் வேண்டாம். வந்து கத்தரிக்காய்க் குழம்பை மட்டும் வைக்கச் சொல்லுங்கோ. அப்பாக்கு அவ வைக்கிறதுதான் பிடிக்கும். என்ர மனிசிக்கு அது சரிவராது.”

“எனக்குக் கேக்குது” என்று, அடுப்பைப் பார்க்க உள்ளே போயிருந்த மனைவியின் குரல் குசினியிலிருந்து வந்தது.

நான் இதை அப்படியே அக்காவிடம் ஒப்புவித்தேன். இலைக் கதை வந்தபோது அவர் முற்றத்தைப் பார்த்தார். “கத்தரிக்காயோ?” என்று மட்டும் கேட்டார்.

மிச்ச நாட்களில் இந்த வருட நவமியை என் நிரலில் ஒருமுறை, புதிய நூலகத்தின் நேரத்தை வைத்து ஒருமுறை, அச்சிட்ட பஞ்சாங்கத்தில் ஒருமுறை பார்த்தேன். மூன்றும் ஒத்துப்போயின. அப்படியும் நம்பாமல் கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் கேட்டேன். “உங்களிட்டத்தானே கொம்பியூட்டர் இருக்கு?” என்றார். அவருக்கும் செய்தி போயிருந்தது.

நவமியன்று சல்லியில் மத்தியானத்துக்கே எல்லாம் தயார். தகப்பனாரின் படத்துக்கு மாலை, முன்னால் இலை, பக்கத்தில் இன்னோர் இலை. சோறு, பருப்பு, பூசணிக்காய், பாயாசம். கத்தரிக்காய் இல்லை. தம்பியாரின் மனைவி அதை வைக்கவே இல்லை. நேரம் போனது. தம்பியார் வேலியடியில் போய் நின்று வீதியைப் பார்ப்பதும், உள்ளே வருவதும், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்பதுமாக இருந்தார். என்னிடம் ஒருவரும் நேரம் கேட்கவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் தம்பியாரின் மனைவி சிரிப்பை அடக்கினார்.

ஓர் ஓட்டோ வந்து நின்றது. மடியில் ஒரு சட்டியைத் துணியால் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்தபடி அக்கா இறங்கினார்.

தம்பியார் ஓடினார். “தாங்கோ அக்கா, சட்டியை.”

“சூடு. விடு, நானே கொண்டுவாறன்.” நேரே குசினிக்குள் போனார். “உங்கட குசினியில எனக்குக் கை ஓடாது எண்டு வீட்டில வைச்சுக் கொண்டுவந்தனான்” என்று தம்பியாரின் மனைவிக்குச் சொல்வது கேட்டது. “நல்லதாப் போச்சு மச்சாள்” என்று பதிலும் கேட்டது.

படைத்தார்கள். கும்பிட்டார்கள். அக்கா படத்துக்கு முன் எல்லாரையும்விடக் கூட நேரம் நின்றார். பிறகு அந்தப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தார். தம்பியார் தன் கையால் சோறு போட்டார். “காணும், போதும்” என்றார் அக்கா. அவர் இன்னும் போட்டார். அக்கா தடுக்கவில்லை.

சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் நவமி என்ற சொல்லையோ தசமி என்ற சொல்லையோ எடுக்கவில்லை. நான் கை கழுவிக்கொண்டு வந்து, மெல்ல நழுவப் பார்த்தபோது அக்கா கூப்பிட்டார்.

“தம்பி, நீங்கள் எல்லாத்தையும் எழுதி வைக்கிறனீங்கள்தானே. இதையும் எழுதுவீங்கள்.”

“ஓம் அக்கா.”

“எழுதேக்க, அவன் சொன்னது சரி எண்டு எழுதாதீங்கோ.”

தம்பியார் தலையை நிமிர்த்தினார்.

“நீங்கள் சொன்னது பிழை எண்டு எழுதுங்கோ. அது காணும்.”

அப்படியே எழுதியிருக்கிறேன்.